பழைய பின்பால் ராம்ப்: பாலிகார்பனேட்டில் செய்தும் ஏன் விரிசல் விடுகிறது?

குண்டோட்டம்

வணக்கம். 1980களின் கடைசியில் வந்த ஒரு பின்பால் மெஷினை (எஃகுக் குண்டை அடித்து ஆடும் விளையாட்டு மெஷின்) ஒன்றரை வருடமாகச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். வயரிங், குண்டை அடிக்கும் ஃபிளிப்பர், டிஸ்ப்ளே எல்லாம் முடிந்துவிட்டது. குண்டு ஏறிப் போகும் பிளாஸ்டிக் சரிவு, அதாவது இடது பக்க ராம்ப், மட்டும் உயிரை வாங்குகிறது.

வாங்கியபோதே அது நாலு துண்டாக இருந்தது. துண்டுகளை உள்ளிருந்து டேப் போட்டு இணைத்து, குண்டு ஓடும் வாய்க்காலுக்குள் பிளாஸ்டர் ஊற்றி வடிவத்தைப் பிடித்தேன். அதைப் பார்த்து எம்.டி.எஃப். பலகையில் அச்சு செதுக்கி, பட்டி போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, எபாக்சி பூசினேன். சூடாக்கிய பிளாஸ்டிக் ஷீட்டை அச்சின்மேல் உறிஞ்சி இழுக்கும் வாக்யூம் ஃபார்மிங் பெட்டியும் நானே செய்ததுதான்.

முதல் ராம்ப் 3 மி.மீ. பெட்ஜி (PETG) பிளாஸ்டிக் ஷீட். அழகாக வந்தது. சில மாதங்களில் நுழைவாய் வெளுத்து, ஒரு சில்லு பெயர்ந்தது. சரி, பாலிகார்பனேட் என்றால் சுத்தியலால் அடித்தாலும் உடையாது என்கிறார்களே என்று அதே அச்சில் 3 மி.மீ. பாலிகார்பனேட் இழுத்தேன். மாட்டிப் பதினோரு நாள். குண்டு படவே படாத இடத்தில், பின்பக்கத்து இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றித் தலைமுடி மாதிரி விரிசல்கள்.

எங்கே தப்பு செய்தேன்? இரண்டு மாத உழைப்பு இது. மூன்றாவது ராம்பைத் தொடங்கும் முன் காரணம் தெரிய வேண்டும்.

பழைய_ஃபிளிப்பர்

தம்பி, விரிசல் எங்கிருந்து தொடங்குகிறது என்பதை வைத்தே பாதி காரணத்தைச் சொல்லிவிடலாம். குண்டு 27 மி.மீ. விட்டம், 80 கிராம் எஃகு. ஃபிளிப்பரிலிருந்து நேராகப் போய் மோதுவது ராம்பின் வாயில். குண்டு உடைக்கிற ராம்ப் வாயில்தான் உடையும்: முதலில் வெளுப்பு, பிறகு அரைவட்டமாகச் சில்லு. உங்கள் பெட்ஜி ராம்ப் செத்தது அப்படி.

ஓட்டையிலிருந்து நட்சத்திரம் போலக் கிளம்பும் மெல்லிய விரிசல் வேறு கதை. அது குண்டின் வேலை இல்லை. மாட்டிய விதம், துளைத்த விதம், இல்லை பட்ட ஏதோ ஒரு திரவம். எப்படி மாட்டினீர்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.

அடுக்குமுனை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடு எதற்கு, நேராக 3டி பிரிண்ட் எடுத்துவிடலாமே என்று நானும் நினைத்தேன். ஏ.எஸ்.ஏ. பிளாஸ்டிக் இழையில் ஒரு சின்ன ராம்ப் எடுத்தேன். குண்டு ஏறும்போது அடுக்கு வரிகளில் உரசி ‘கரகர’ என்று ஒலி, வேகமும் குறைந்தது. ஒரு வாரத்தில் வாய்ப்பகுதி அடுக்கோடு அடுக்காகப் பிரிந்து வந்தது, ரொட்டியைப் பிய்த்த மாதிரி. அச்சு செய்வதற்குப் பிரிண்டர் நல்லது. ராம்பையே பிரிண்ட் எடுப்பது அளவு சரிபார்க்க மட்டும்தான்.

அச்சுக்கும் பி.எல்.ஏ. இழை வேண்டாம். 60 டிகிரியிலேயே இளகிவிடும். என் அச்சு இரண்டாவது ஷீட் இழுத்தபோது நடுவில் குழிந்துபோனது.

குண்டோட்டம்

@பழைய_ஃபிளிப்பர் அண்ணா, மாட்டிய விதம் இதுதான். சாதாரண டிரில் பிட்டால் ராம்பைக் கையில் பிடித்தபடி துளைத்தேன். ஸ்க்ரூ அளவுக்கே ஓட்டை, ஆட்டம் இருக்கக் கூடாது என்று. பழைய ராம்பின் ஓட்டைகளைத் தாளில் குறித்து அதே இடத்தில் போட்டேன். இரண்டு ஓட்டை கொஞ்சம் தள்ளி விழுந்ததால் இழுத்துப் பிடித்து மாட்ட வேண்டியிருந்தது. அதிர்வில் நட் கழலாமல் இருக்க மரையில் நீல நிற த்ரெட் லாக்கர் ஒரு சொட்டு. மாட்டும் முன் கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயால் துடைத்தேன். நுழைவாய் ஃபிளாப்புக்கு (குண்டு ராம்பில் ஏற உதவும் மெல்லிய உலோகத் தகடு) பாப் ரிவெட்.

நெளிகோடு

த்ரெட் லாக்கர். இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

பாலிகார்பனேட்டின் பலமே அடி தாங்குவது. பலவீனம், இழுவிசையில் இருக்கும்போது சில ரசாயனம் பட்டால் தாங்காது. த்ரெட் லாக்கர் வகைப் பசைகள் அதற்குப் பேர்போனவை. பிளாஸ்டிக்கில் படக்கூடாது என்று குப்பியிலேயே போட்டிருப்பார்கள். அம்மோனியா கலந்த கண்ணாடி ஸ்பிரேயும் அப்படித்தான். அசிட்டோன், தின்னர் கேட்கவே வேண்டாம். இழுவிசை இல்லாத துண்டில் பட்டால் பல நேரம் ஒன்றும் ஆகாது. இழுத்துப் பிடித்து மாட்டிய துண்டில் பட்டால் விரிசல்தான். உங்கள் ராம்பில் இரண்டுமே இருந்திருக்கிறது.

ஒரு சோதனை சொல்கிறேன், செலவே இல்லை. எல்.சி.டி. மானிட்டரில் வெள்ளைத் திரையை வையுங்கள். ராம்பைக் கழற்றித் திரைக்கு முன்னால் பிடியுங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பாருங்கள். தலையைச் சற்றுச் சாய்த்தால் ஓரிடத்தில் திரை இருண்டுவிடும், அந்த நிலையில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக்குள் உறைந்து நிற்கும் விசை எல்லாம் வண்ணமாகத் தெரியும்.

குண்டோட்டம்

செய்து பார்த்தேன். அரை மணி நேரம் ராம்பைத் திருப்பித் திருப்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரை கருத்துப்போனதும் ராம்பின் தரைப்பகுதி சாம்பல் நிறத்தில் அமைதியாகத் தெரிந்தது. பக்கச்சுவர் அடியை நெருங்க நெருங்க மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பட்டை பட்டையாக நெருங்கி வருகிறது. ஸ்க்ரூ மாட்ட நீட்டியிருக்கும் காதுகளில் மழை ஈரத்தில் எண்ணெய் சிந்திய மாதிரி வட்டம் வட்டமாக வண்ணம். விரிசல் விட்ட இரண்டு ஓட்டைகளிலும் ஒரு பக்கம் பசை காய்ந்த கறை இருக்கிறது. விரிசல்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான். பசை படாத மூன்றாவது ஓட்டையில் வண்ணம் இருக்கிறது, விரிசல் இல்லை.

ஆனால் ஒரு சந்தேகம். ஸ்க்ரூ எல்லாம் கழற்றிய பிறகும் காதில் ஏன் வண்ணம்? இழுத்து மாட்டியதுதான் காரணம் என்றால் கழற்றியதும் போயிருக்க வேண்டாமா?

அச்சுப்பட்டறை

அது அச்சிலேயே உறைந்த விசை. வாக்யூம் ஃபார்மிங் எனக்குத் தொழில், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வெர்னியர் எடுத்துத் தடிமனை அளந்து பாருங்கள்: தரை, சுவர் நடு, சுவர் அடி, காது, நுழைவாய் ஓரம். 3 மி.மீ. ஷீட் போட்டால் 3 மி.மீ. ராம்ப் வராது. ஷீட் ரப்பர் மாதிரி இழுபட்டு அச்சைப் போர்த்துகிறது. ஆண் அச்சில் (ஷீட் மேலே போர்த்தும் மேடான அச்சு) முதலில் தொடும் இடம் உடனே குளிர்ந்து தடிமனாகவே நின்றுவிடும். ராம்பைக் கவிழ்த்து இழுக்கிறீர்கள், ஆகவே முதலில் தொடுவது குண்டு ஓடும் தரை. அது நல்லதுதான். மீதி இருக்கிற பிளாஸ்டிக்தான் சுவருக்கும், கடைசியாகச் சுவரும் காதும் சேரும் மூலைக்கும் போய்ச் சேர வேண்டும். அங்கே ஒல்லியாகிவிடும். அந்த ஒல்லியான இடத்தில்தான் நாம் ஸ்க்ரூ போடுகிறோம்.

அடுத்தது சூடு. பெட்ஜி 80 டிகிரி சுமாரில் இளகத் தொடங்கும், 120 முதல் 160க்குள் நன்றாக இழுபடும், உலர்த்தாமலே போடலாம். பாலிகார்பனேட் இளகுவதே 150க்குப் பக்கத்தில். இழுக்க 180க்கு மேல் வேண்டும். பெட்ஜிக்குப் பழகிய கை அதே அளவு தொய்வு பார்த்து பாலிகார்பனேட்டை இழுத்தால் அது அரைகுறைச் சூட்டில் வலுக்கட்டாயமாக மடங்கும். போதாததற்குக் குளிர்ந்த அச்சு. தொட்டதும் விறைக்கிறது. விசை உள்ளேயே பூட்டிக்கொள்கிறது. நீங்கள் திரையில் பார்த்த பட்டைகள் அவைதான். அச்சை 80 டிகிரிக்கு மேல் சூடாக வைத்து இழுக்க வேண்டும்.

எம்.டி.எஃப். அச்சு இதைத் தாங்காது. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி எபாக்சிப் பூச்சைக் கொப்பளிக்க வைக்கும். ஒன்றிரண்டு பெட்ஜி ராம்புக்குப் போதும். பாலிகார்பனேட் என்று முடிவு செய்தால், அலுமினியத் தூள் கலந்த, சூடு தாங்கும் எபாக்சியில் அச்சு வார்த்துக்கொள்ளுங்கள். உறிஞ்சும் ஓட்டைகள் 1 மி.மீ.க்கு மேல் வேண்டாம், பெரிதானால் குண்டு ஓடும் தரையில் பரு பருவாக விழும். சுவருக்கு 3 முதல் 5 டிகிரி சாய்வு இருந்தால்தான் அச்சிலிருந்து கழன்று வரும். உள்மூலைகளை உருட்டிவிடுங்கள், கத்தி மாதிரி மூலை வைக்காதீர்கள்.

பழைய_ஃபிளிப்பர்

அச்சுப்பட்டறை சொல்வதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனால் எல்லா ராம்புக்கும் பாலிகார்பனேட் தேவையா என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

வீட்டில் ஒரு மெஷின் வைத்து விளையாடுகிறவருக்கு நல்ல பெட்ஜி ராம்ப், வாயில் ஸ்டெயின்லெஸ் கவசம், சரியாகப் பொருத்திய ஃபிளாப், இந்த மூன்றும் போதும். நான் மாற்றிய ராம்புகளில் பாதிக்கு மேல் பெட்ஜிதான். கவசத்தோடு போனது எதுவும் வாய் உடைந்து என்னிடம் திரும்பி வரவில்லை. சூடு கூடக்குறையப் போனாலும் பெட்ஜி மன்னித்துவிடும். பாலிகார்பனேட் மன்னிக்காது.

அச்சுப்பட்டறை

மறுக்கவில்லை. கவசம் போட இடம் இருக்கும் ராம்புக்குப் பெட்ஜி போதும். ஆனால் வாய் குறுகலாகி, ஃபிளிப்பருக்கு எதிரே சுவர் முனை நீட்டிக்கொண்டிருக்கும் ராம்புகள் உண்டே? கவசம் வைத்தால் 27 மி.மீ. குண்டு நுழைய வழி இறுகிவிடும். அங்கே சுவரே அடி வாங்க வேண்டும். அடி தாங்குவதில் பாலிகார்பனேட்டுக்கும் பெட்ஜிக்கும் பல மடங்கு வித்தியாசம்.

குண்டோட்டம்

என் ராம்பின் வலது சுவர் அப்படித்தான், நேர் எதிரே நிற்கிறது. ஆகவே பாலிகார்பனேட்டை விடுவதாக இல்லை.

அளந்தேன். தரை 2.7. சுவர் நடு 1.7. காது 1.1. நுழைவாய் ஓரம் 1.6. காது 1.1 என்று பார்த்தபோது மனசு விட்டுப்போனது. முழு ராம்பையும் தாங்குவது அந்த மூன்று காதுகள்.

நுழைவாய் ஓரம் ஏன் தரையைவிட இவ்வளவு மெலிந்தது? அதுவும் மேல்மட்டம்தானே?

அச்சுப்பட்டறை

அச்சு அங்கேயே முடிகிறதா? அதுதான் காரணம். அச்சின் விளிம்பைத் தாண்டி ஷீட் கீழே வழிந்திருக்கும், வழிகிற அந்த முனையில் பிளாஸ்டிக் இழுபட்டு மெலியும். அச்சை நுழைவாயிலிருந்து இன்னும் 40 மி.மீ. நேராக நீட்டிவிடுங்கள். பிறகு நடுவிலிருந்து வெட்டிக்கொண்டால் ஓரம் தரையின் தடிமனிலேயே கிடைக்கும்.

காதுகளுக்கு: அச்சின் அடிப்பலகையில் காது விழும் இடங்களில் ஒரு மேடு வைத்து, சுவரடி மூலையைப் பெரிய வளைவாக்குங்கள். அங்கே இழுவை குறையும். ஷீட்டை 4 மி.மீ. ஆக்குங்கள்.

பாலிகார்பனேட்டைக் கட்டாயம் உலர்த்த வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். மேல் படலத்தை உரித்து, 120 டிகிரி அவனில், காற்று சுற்றும்படி நிறுத்தி, ஓர் இரவு முழுக்க.

நெளிகோடு

சுருக்கத்தையும் கணக்கில் எடுங்கள். பாலிகார்பனேட் ஆறும்போது ஆயிரத்துக்கு ஆறேழு பங்கு சுருங்கும். 400 மி.மீ. ராம்பில் அது இரண்டரை மி.மீ.! உங்கள் ஓட்டைகள் தள்ளி விழுந்ததும், இழுத்து மாட்ட நேர்ந்ததும் இதனால்தான் இருக்கும். பெட்ஜி இதைவிடக் குறைவாகத்தான் சுருங்கும், ஆகவே முதல் ராம்பில் தெரிந்திருக்காது. அச்சை அந்த அளவு பெரிதாக்குங்கள். ஓட்டைகளைத் தாளிலிருந்து குறிக்காதீர்கள். ராம்பை மெஷினில் உட்காரவைத்து, கீழே இருக்கும் கம்பங்களைப் பார்த்துக் குறியுங்கள்.

வெப்பத்தில் நீள்வதும் உண்டு. மெஷின் ஓடி உள்ளே 20 டிகிரி ஏறினால் 400 மி.மீ. ராம்ப் அரை மி.மீ. நீளும். ஸ்க்ரூ அளவுக்கே ஓட்டை போட்டால் அந்த அரை மி.மீ. எங்கே போகும்? ஒரு காதை மட்டும் சரியாகப் பிடித்துவிட்டு, மற்றவற்றில் 1 மி.மீ. பெரிய ஓட்டை, அகலமான நைலான் வாஷர். நட் கழலாமல் இருக்க உள்ளே நைலான் வளையம் உள்ள நட் போதும். விரலால் வாஷரைத் திருப்பினால் அது நகர வேண்டும், அந்த இறுக்கம்தான் சரி.

துளைக்கும்போது அடியில் மரக்கட்டை வைத்து, படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில் பயன்படுத்துங்கள். துளைத்த பிறகு இரண்டு பக்கமும் பிசிறை நீக்கி, ஓட்டையின் உள்சுவரை நைசான உப்புத்தாளைச் சுருட்டித் தேய்த்து வழவழப்பாக்குங்கள். ஒவ்வொரு கீறலும் விரிசலுக்கு ஒரு வாசல்.

பழைய_ஃபிளிப்பர்

பாப் ரிவெட்டையும் விட்டுவிடுங்கள். அது ஓட்டைக்குள் உப்பிப் பிடிக்கும், பிளாஸ்டிக்கைப் பக்கவாட்டில் பிளக்கப் பார்க்கும். அந்தக் காலத்து மெஷின்களில் வரும் குழல் ரிவெட்தான் சரி. ஃபிளாப் பக்கம் தலை, பிளாஸ்டிக் பக்கம் வாஷர், நுனி வாஷர்மேல் மலர வேண்டும். கடைசி அடியை மெதுவாக அடியுங்கள்.

ஃபிளாப்பைப் பொருத்தியதும் நகத்தால் குண்டு போகும் திசையில் வருடிப் பாருங்கள். ஃபிளாப்பிலிருந்து பிளாஸ்டிக்குப் போகும் இடத்தில் நகம் தடுக்கக் கூடாது. தடுக்கினால் ஒவ்வொரு குண்டும் அங்கே தடுக்கும், ஓர் ஆட்டத்துக்கு இருபது முப்பது தடவை. அந்தத் தடுக்கல்தான் முதல் வெளுப்பு.

அடுக்குமுனை

ஓரங்களை நெருப்புக் காட்டிப் பளபளப்பாக்கலாமா? அக்ரிலிக்கில் செய்திருக்கிறேன்.

நெளிகோடு

இந்த வேலையில் வேண்டாம். ஓரத்தை மட்டும் உருக்கி ஆறவிடுவது அங்கே மறுபடி விசையைப் பூட்டுவது. உப்புத்தாள் 400, 800, 1200 என்று போய் பாலிஷ் போடுங்கள், போதும்.

பழைய_ஃபிளிப்பர்

இன்னொன்று. ராம்புக்கு அடியில் பளிச்சென்று மின்னும் ஃபிளாஷர் பல்பு இருந்தால் 89, 906 வகை பல்புகளை எல்.இ.டி.யாக மாற்றிவிடுங்கள். அதை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் ஃபிளாஷர் அணையாமல் எரியும், மேலிருக்கும் ராம்ப் பழுப்பேறிக் குமிழ் விடும். பின்பால் மெஷின் செய்த வில்லியம்ஸ் கம்பெனி 1999இல் பின்பாலை நிறுத்திவிட்டது, காட்லீப் அதற்கு மூன்று வருடம் முன்பே போய்விட்டது. இருப்பதைக் காப்பாற்றுவது நம் கையில்தான்.

குண்டோட்டம்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

புது அச்சு அலுமினிய எபாக்சியில். நுழைவாயை 40 மி.மீ. நீட்டினேன், அளவை ஆயிரத்துக்கு ஆறரை கூட்டினேன். முதல் 4 மி.மீ. ஷீட்டைப் பொறுமை இல்லாமல் இரண்டு மணி நேரம் மட்டும் உலர்த்தினேன். ஹீட்டருக்குக் கீழே பார்த்துக்கொண்டிருக்கும்போதே சோடா ஊற்றிய மாதிரி முழுக்கப் பொடிக் குமிழ்கள். வீண். இரண்டாவதை இரவு முழுக்க வைத்தேன். கண்ணாடி மாதிரி நின்றது. தொய்வு பெட்ஜியில் பார்த்ததைவிட நன்றாக இறங்கும்வரை காத்திருந்து, சூடான அச்சில் இழுத்தேன். மூலையில் ஒரு சின்ன மடிப்பு விழுந்தது, நல்லவேளை அது வெட்டிப்போடும் பகுதி.

அளவு: தரை 3.6, சுவர் 2.4, காது 2.2, நுழைவாய் ஓரம் 3.4. துளைத்த பிறகு திரைக்கு முன்னால் பிடித்தேன். காதுகளில் வட்டம் இல்லை. ஒரு காதில் மட்டும் வெளிறிய மஞ்சள். அச்சுப்பட்டறை தனிச்செய்தியில் சொன்னபடி அச்சிலேயே உட்காரவைத்து அவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, அவனுக்குள்ளேயே ஆறவிட்டேன். அந்த மஞ்சளும் சாம்பலாகிவிட்டது.

எதிர்பார்க்காத தொல்லை ஒன்று. உள்பக்க அளவு அச்சில் இருப்பதால் கூடுதல் தடிமன் முழுக்க வெளிப்பக்கம் போய்விட்டது. தரைக்கு அடியில் இருந்த ஒரு ஃபிளாஷர் மூடி உரசியது, மேல்முனையில் குண்டு அடுத்து ஓடும் கம்பித்தடத்தோடு சேரும் இடம் 1 மி.மீ. உயர்ந்தது. மூடியை மாற்றி, கம்பத்து வாஷரை மெலிதாக்கிச் சரிசெய்தேன். 4 மி.மீ.க்கு மாறுகிறவர்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டி மூன்று வாரம், தினமும் இரண்டு மணி நேரம் ஆடுகிறோம். பெட்ஜியில் ‘டக்’ என்று வந்த ஒலி இப்போது அடக்கமாக ‘தும்’ என்று வருகிறது. நேற்றுக் கழற்றி மறுபடி திரையில் பிடித்தேன். நுழைவாயில் பொடிக் கீறல்கள், வெளுப்பு இல்லை. காதுகள் சுத்தம்.

நெளிகோடு

மூன்று வாரம் நல்ல தொடக்கம். ஆனால் பசையும் இழுவையும் இல்லாமல் வரும் விரிசல் மாதக்கணக்கில் மெல்ல வரும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திரையில் பிடித்துப் பாருங்கள். துடைக்க மிதமான சோப்புத் தண்ணீர், மென்மையான துணி, வேறு எதுவும் வேண்டாம்.

பழைய_ஃபிளிப்பர்

வலது ராம்ப் எப்படி இருக்கிறது தம்பி?

குண்டோட்டம்

அது மெஷினோடு வந்ததுதான் அண்ணா. மஞ்சளித்திருக்கிறது, ஆனால் முழுசாக இருக்கிறது. இன்று உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டுப் போய் விளக்கடித்துப் பார்த்தேன். பின்காதின் ஓட்டையில் 4 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு. நாலு துண்டை ஒட்டி அளவெடுத்த பாடு எனக்குத் தெரியும். நாளை காலை அதைக் கழற்றி, முழுசாக இருக்கும்போதே உள்ளே பிளாஸ்டர் ஊற்றி எடுத்துவைக்கப் போகிறேன். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகுமே, பழைய பிளாஸ்டிக்குக்கு அது ஆகுமா? இரண்டு மூன்று தவணையாக ஊற்றலாமா?

அச்சுப்பட்டறை

தவணையாக ஊற்றுங்கள், ஒவ்வொன்றும் விரலகலத்துக்கு மேல் வேண்டாம். ஊற்றும் முன் உள்ளே வாசலின் மெலிதாகத் தடவிவிடுங்கள். சுவர்கள் வெளியே உப்பாமல் இரண்டு பக்கமும் மணல் மூட்டை அணை கொடுங்கள். அந்த 4 மி.மீ. கோட்டின் நுனியில் இப்போது துளை எதுவும் போடாதீர்கள், அளவெடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.